குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் கோப்புறை ஒன்றுக்குள் இருந்தபடி, என் நாத்தனாரின் கக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு, அதுவாகவே எங்கள் வீட்டுக்கு வந்தது.

நாத்தனாரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல பெண்களுக்கு நாத்தனார் போலீஸ் மாதிரி அமைவதுண்டு. எனக்கு நாத்தனாரே போலீஸ். அதுவும் காவல்துறைத் துணைத் தலைவர். அறுபத்து நான்கு காவல் நிலையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். என் கணவருக்கு மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவர் உள்ளே நுழைந்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"நீ எழுதுறதை நான் படிக்கிறதில்ல," என்றார், உட்கார்ந்ததும்.

"தெரியும்க்கா."

"ரெண்டு கதை படிச்சேன். ரெண்டுலயும் போலீஸ்காரன் மீசையை முறுக்கிட்டே வர்றான். எங்கள்ல பாதிப் பேருக்கு மீசை முறுக்க நேரமில்ல. மீதிப் பேருக்கு மீசையே இல்ல."

கோப்புறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். காவல் நிலைய நாட்குறிப்பின் ஒரு பக்கம், நகலெடுத்தது. கடைசி வரி இப்படி: 'பிற்பகல் மூன்று மணியளவில் கூட்டம் கலைந்து சென்றது. குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.' கீழே அவருடைய கையெழுத்து.

"பதினேழு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. இது பொய். நடந்ததை நீ சரியா எழுதிக் குடுக்கணும்."

"நானா?"

"எனக்கு அறிக்கை எழுதத்தான் தெரியும். அறிக்கையில யாரும் அழமாட்டாங்க."

2

எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பு அவளுடைய இடுப்பில்

(நாத்தனார் வாசித்துவிட்டு, அன்றைக்குத் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன் என்றார். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: காவல் என்பது என்ன? சமூகம் தன்னைச் சுற்றித் தானே போட்டுக்கொண்ட வேலியா, அல்லது

(அல்லது என்ன என்று எனக்கே தெரியவில்லை. பெரிய கேள்வியோடு தொடங்கினால் கதை தானாகப் பெரிதாகிவிடும் என்று ஒரு நப்பாசை. விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: அந்தப் பெண் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

(மழையே இல்லை. நான்தான் பெய்யவைத்தேன். சோகமாக யாராவது வந்தால் வானம் இருட்டியாக வேண்டும் என்பது என் கையில் ஊறிப்போன கெட்ட பழக்கம். ஆனால் அந்தப் பெண் நுழைந்தாள் என்பது உண்மை. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.)

3

புதன்கிழமைகளில் நாத்தனார் பொதுமக்களை நேரில் பார்த்து மனு வாங்குவார். வேலி தகராறு, காணாமல்போன வண்டி, குடித்துவிட்டு அடிக்கும் மருமகன், புகாரை வாங்க மறுத்த காவல் நிலையம் என்று ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு கதை. அன்று முப்பத்தோராவது டோக்கனோடு வந்தவளுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடப் பை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து மேற்படி தாளை எடுத்து நீட்டினாள். தகவல் கேட்டு மனுப் போட்டு, நாலு மாதம் அலைந்து வாங்கியது.

"இது நீங்க எழுதினதா மேடம்?"

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"ஆமா."

"அன்னைக்கு எங்கம்மா ஆஸ்பத்திரியில செத்துப் போனாங்க. நான் பிறந்ததும் அன்னைக்குத்தான். ஊரே திரண்டு வந்து நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டு அத்தை சொல்றாங்க. நீங்க ஒண்ணுமே நடக்கலன்னு எழுதியிருக்கீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்கம்மா செத்தது ஒண்ணும் இல்லையா? நான் பிறந்தது ஒண்ணும் இல்லையா?"

சட்டசபைக் குழு கேள்வி கேட்டிருக்கிறது, குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் கிழித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நாத்தனாரிடம் பதில் இருந்தது. இதற்குப் பதிலாக ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"உங்கப்பா ஒண்ணும் சொன்னதில்லையா?"

"அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவாரு."

"எனக்குக் கொஞ்சம் டைம் குடும்மா. ஒரு மாசம்."

"பதினேழு வருஷம் ஆயிடுச்சு மேடம்," என்றாள் அவள். பிறகு, போனால் போகிறது என்பதுபோல, "சரி, ஒரு மாசம்."

4

இனி, பதினேழு வருஷத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை.

நாத்தனாருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, துணைக் கண்காணிப்பாளர். நகரத்தில் எது கைமீறிப் போனாலும் முதலில் போய் நிற்க வேண்டிய ஆள்.

விடிகாலை ஆறு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பஸ் கண்டக்டர் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனார். ரத்தம் நிற்கவில்லை. ஏற்றுவதற்கு ரத்தம் வந்துசேர ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது, குறைமாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

இதை வெளியே காத்திருந்த குடும்பத்துக்கு யாருமே முறையாகச் சொல்லவில்லை. வார்டு உதவியாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பெரிய உசுரு போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். பிறகு ஐந்து மணி நேரம் அந்தக் கதவு திறக்கவில்லை. குழந்தையும் போய்விட்டது என்றார்கள். குழந்தையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். டாக்டர் போதையில் இருந்தார் என்றார்கள். பஸ் டெப்போவுக்குச் செய்தி போயிற்று. வண்டிகளை அப்படியே நிறுத்திவிட்டு நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அறுநூறு பேர். டாக்டரை வெளியே அனுப்பு என்று ஒரே சத்தம். மாடியில் நாற்பது தாய்மார்கள், நாற்பது பச்சைக் குழந்தைகள்.

நாத்தனாரோடு இருந்த போலீஸார் இருபத்திரண்டு பேர்.

வண்டியிலிருந்து இறங்கும்போதே மேலதிகாரியிடமிருந்து போன். (அவருக்கு நான் ஒரு நல்ல பட்டப்பெயர் வைத்திருந்தேன். நாத்தனார் எடுக்கச் சொல்லிவிட்டார். ஆகையால் வெறும் 'பெரியவர்'.)

"அரை மணி நேரத்துல வளாகம் காலியாகணும். தடியடி நடத்துங்க. என்ன ஆனாலும் நான் பார்த்துக்கறேன்."

"எழுத்துல அனுப்புங்க சார்."

போன் துண்டிக்கப்பட்டது. எழுத்தில் எதுவும் வரவில்லை.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா கூட்டம்னா என்னன்னு நினைக்கிற? அதுக்கு ஒரு கேள்வி இருக்கும். பதில் கிடைச்சிட்டா பாதிப் பேர் வீட்டைப் பார்க்கப் போயிடுவாங்க. அங்க அஞ்சு மணி நேரமா பதில் சொல்ல ஆள் இல்ல. நான் போய் லத்தியைக் காட்டினா, அதுதான் பதில்னு ஆயிடும்."

டாக்டர் துணி அடுக்கும் அறையில், போர்வைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயதுப் பெண். முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை. மேலங்கியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னைக் கொன்னுடுவாங்க மேடம்."

"நான் முன்னாடி நிக்கிறேன். நீங்க என் தோளுக்குப் பின்னாடி நின்னு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ரத்தம் லேட்டா வந்துச்சுன்னா லேட்டா வந்துச்சுன்னே சொல்லுங்க."

"அதைச் சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லலன்னா உயிரே போயிடும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

(இந்த இடத்தில் என் கதாநாயகி கொஞ்சம் கொடூரமாகத் தெரிகிறாரே என்று யோசித்தேன். அவரிடமே கேட்டேன். "அப்ப அது கொடூரமா தெரியல. அவசரமாத் தெரிஞ்சுது," என்றார். அந்த டாக்டருக்கு வேலை போகவில்லை. ஒரு வருஷம் விசாரணை நடந்தது, அவர் மேல் தப்பில்லை என்று முடிந்தது. வாசகர் கவலைப்படக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.)

5

வாசல் படியில் நாத்தனார் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் டாக்டர்.

பேச்சு முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. முதல் வரிசை திரும்பி இரண்டாம் வரிசைக்குச் சொல்ல, அது அதற்குப் பின்னால் சொல்ல, டாக்டரின் வார்த்தைகள் கூட்டத்துக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. ரத்தப்போக்கு. கர்ப்பப்பை. எல்லாம் செய்தோம். ரத்தம் வர ஐம்பது நிமிஷம்.

ஐம்பது நிமிஷம் என்றதும் கல் வந்தது.

(என் முதல் வரைவில் கல் காற்றில் சுழன்று சுழன்று, அரைப் பக்கத்துக்குப் பறந்தது. 'கல்லு அவ்ளோ நேரம் பறக்காது' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினார் நாத்தனார்.)

இடது புருவத்தில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. பின்னால் இருபத்திரண்டு லத்திகளும் ஒன்றாக உயர்ந்தன. ஒரு கண்ணால் பார்த்தார். ஐந்தாறு அடி தூரத்தில் ஓர் ஆள், எறிந்த கை இன்னும் இறங்காமல் நின்றான். காலையிலிருந்து நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்த ஆள். செத்துப்போன கண்டக்டரின் கணவன்.

"மேடம், அவன்தான்! தூக்கிடவா?" என்றார் பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டர்.

நாத்தனார் கூட்டத்துக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"யாரைத் தூக்கணும்? படியில வழுக்கி விழுந்துட்டேன்."

"மேடம்?"

"வழுக்கிடுச்சுன்னு சொல்றேன்ல. எல்லாரும் லத்தியைக் கீழே வைங்க. கீழே."

நின்ற இடத்திலிருந்து அவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதை அறுநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வழுக்கி விழுந்துவிட்டாராம். அந்தப் பச்சைப் பொய்யைக் கேட்டு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்தம் அடங்கிவிட்டது.

நாத்தனார் கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "மிச்சத்தையும் சொல்லிடுங்க டாக்டர்."

டாக்டர் அழுதுகொண்டே சொன்னார். குழந்தை உயிரோடு இருக்கிறது. பெண். ஒன்றரைக் கிலோ. தானாக மூச்சு விடுகிறது. அப்பா இப்போதே வந்து பார்க்கலாம்.

அந்த ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் படியேறி வந்து நாத்தனாரிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூன்று மணிக்கு உடலை எடுத்துக்கொண்டு எல்லோரும் போனார்கள்.

புருவத்தில் ஆறு தையல்.*

* எங்கள் குடும்பத்திலும் 'படியில் வழுக்கிவிட்டது' என்றுதான் சொன்னார். அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பதறிப்போய், என் கணவர் எங்கள் வீட்டுப் படிகள் பதினான்குக்கும் ரப்பர் விரிப்பு ஒட்டினார். பதினேழு வருஷமாக அதைத் தூசி தட்டி வருகிறேன். இந்த வரைவைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் என்னிடமும் பேசவில்லை, அக்காவிடமும் பேசவில்லை.

6

அன்று மாலை நாட்குறிப்பு எழுத வேண்டும். கல் என்று எழுதினால், எறிந்தது யார் என்று எழுத வேண்டும். அதிகாரியைப் பணியின்போது தாக்கியது. மூன்று வருஷம்வரை ஜெயில். பிறந்த அன்றைக்கே தாயை இழந்த குழந்தைக்கு, தகப்பனையும் நான் எடுக்கவா என்று யோசித்தாராம் நாத்தனார். இப்படித்தான் அந்த வாக்கியம் பிறந்தது.

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு அரை நாள் சும்மா இருந்தேன். காரணம், எனக்கு ஒரு சந்தேகம். போலீஸ் அதிகாரி ஒருவர் அரசாங்கப் பதிவில் பொய் எழுதலாமா? இன்று இரக்கத்துக்காகப் பொய் எழுதும் கை, நாளைக்கு வேறெதற்காகவோ எழுதாதா? எத்தனையோ நிலையங்களில், எத்தனையோ காயங்களுக்கு, 'வழுக்கி விழுந்தார்' என்று இதே வார்த்தையைத்தானே எழுதிவைக்கிறார்கள்? இதை அவரிடம் கேட்கத் தயங்கினேன். பிறகு கேட்டேன்.

"தப்புதான்," என்றார் உடனே. "அடி வாங்கின கைதியைப் பத்தி எவனாவது அப்படி எழுதிட்டு வந்தா, நானே சஸ்பெண்ட் பண்ணியிருக்கேன். அடி வாங்கினது நான்கிறதால என் பொய் நல்ல பொய் ஆயிடாது."

விசாரணை வைத்தார்கள். வழுக்கியதாகவே கடைசிவரை சொன்னார். பெரியவரின் உத்தரவை நிறைவேற்றவில்லை, உண்மையை மறைத்தார் என்று சொல்லி, சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் பெல்ட்டும் ஷூவும் எண்ணிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் மேலே போனார்கள். இவருக்குப் பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப்போயிற்று.

(அந்தக் கிடங்கில் அவர் ஒரு வேலை செய்தார். பெண் போலீஸாருக்கும் ஆண்களின் அளவில்தான் ஷூ வாங்கிக்கொண்டிருந்தார்கள்; அதை மாற்றவைத்தார். கதைக்கு இது தேவையில்லைதான். ஆனால் பாதத்தில் கொப்புளம் வந்தவர்களைக் கேட்டால் தேவை என்பார்கள். இருக்கட்டும்.)

7

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உண்மையில் பாதி, அவளுடைய அப்பாவுக்குச் சொந்தம். அதனால் நாத்தனார் முதலில் அவரைப் பார்க்கப் போனார். சீருடை வேண்டாம் என்று சாதாரண உடுப்பில். துணைக்கு நான்.

மோட்டார் ரிப்பேர் கடை. தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துப் போட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்த்தவர், கையிலிருந்த கம்பியை விடாமலே எழுந்து நின்றார். நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது புருவத்தைப் பார்த்தார்.

"எத்தனை தையல் போட்டாங்க?"

"ஆறு."

"உங்க மேல எறியல மேடம். யார் மேல எறிஞ்சேன்னு எனக்கே தெரியாது."

"தெரியும்."

எங்களுக்கு இரண்டு முக்காலிகளைத் துடைத்துப் போட்டார். மகள் வந்து கேட்ட கேள்வியை நாத்தனார் சொன்னார். அவர் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்கம்மாவைப் பத்திப் பேசணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கேன். எங்க ஆரம்பிச்சாலும் அந்தக் கல்லுல போய்த்தான் நிக்குது. பிறந்த குழந்தை உள்ளே கிடக்கு, அப்பன் வாசல்ல கல்லெறியறான். இதை எப்படிச் சொல்ல? அதான் எழுந்து போயிடறது."

"நான் சொல்லட்டுமா?"

தலையை நிமிர்த்தி, "வேணாம்," என்றார். "நீங்க ஒரு தடவை எனக்காகப் பேசிட்டீங்க. போதும். இதை நான் சொல்றேன்."

சொல்லிவிட்டார், அன்றைக்கே. மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாளாம்.

"எந்தக் கைப்பா?"

வலது கையைக் காட்டியிருக்கிறார்.

"குறி பார்த்தா எறிஞ்சீங்க?"

"இல்லம்மா."

"பாவம் அந்த மேடம்," என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து வைத்தாளாம்.

8

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொல்லி, இதுவரை எழுதியதைக் கொடுத்தோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நாத்தனார் எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தார், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல.

"நல்லாயிருக்கு ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "மேடம் பண்ணினது புரியுது. அப்பா பண்ணினதும் புரியுது. ஆனா எங்கம்மா இதுல எங்கே?"

தாள்களை வாங்கிப் புரட்டினேன். 'இறந்துபோனார்.' 'செத்துப்போன கண்டக்டர்.' 'உடலை எடுத்துக்கொண்டு.' எத்தனை தடவை வந்தாலும், அவர் செத்தே வருகிறார். நாட்குறிப்பு ஒரே வரியில் செய்ததை, நான் பதினைந்து பக்கத்தில் செய்துவைத்திருந்தேன். மூஞ்சியில் அறைந்தாற்போல இருந்தது.

"உனக்கு என்ன தெரியும் அவங்களைப் பத்தி?" என்று கேட்டேன்.

"கண்டக்டர். இருபத்து மூணாம் நம்பர் பஸ். ஒரு போட்டோ இருக்கு, அதுல சிரிக்கல. அவ்ளோதான்."

நாத்தனார் எழுந்தார். கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். அந்த நிமிஷம் வரைக்கும் அவரை வேலை செய்யும் அதிகாரியாக நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. முப்பத்து நாலு வருஷமாக எத்தனையோ பேர் செத்தது எப்படி என்று துருவித் துருவிக் கண்டுபிடித்த முகம் அது.

"உங்கம்மாவோட வேலை பார்த்தவங்க, கூடப் படிச்சவங்க, பக்கத்து வீடு, அந்த வார்டுல அன்னைக்கு டியூட்டியில இருந்தவங்க. ஒவ்வொருத்தரா எழுதுவோம். சனிக்கிழமை எனக்கு லீவு. நீ வர்றியா?"

"விசாரணையா மேடம்?"

"விசாரணைதான். ஆனா இந்தத் தடவை அவங்க எப்படி இருந்தாங்கன்னு."

9

முதல் சாட்சி, ஓய்வு பெற்ற நர்ஸ். முட்டி வலியோடு கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"மறக்க முடியுமா? அன்னைக்கு வார்டுல கட்டில் இல்ல. வலி எடுத்த பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து, எங்க படுக்க வைக்கிறதுன்னு முழிச்சிட்டு நிக்கிறோம். உங்கம்மா தன் கட்டில்ல நகர்ந்து உக்காந்துக்கிட்டு, 'உள்ளே தள்ளி வாங்க, உள்ளே தள்ளி வாங்க, நடுவுல இடம் இருக்கு'ன்னா பாரு! வலியில முனகிட்டிருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும்தான்."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு நர்ஸின் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் சாட்சி, நாலு வருஷம் அந்தக் கண்டக்டரோடு இருபத்து மூன்றாம் எண் பஸ்ஸை ஓட்டிய டிரைவர். டெப்போ வாசல் மரத்தடியில் சந்தித்தோம். அன்று நாத்தனாருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தவர் இவராக இருந்தால் கதைக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! கேட்டேன். இல்லையாம். அவர் அன்றைக்கு மாமியார் ஊரில் இருந்தாராம்.

"சரியான சண்டைக்காரிம்மா உங்கம்மா," என்று ஆரம்பித்தார். "யாராவது ஓடி வர்றது தெரிஞ்சா வண்டியை எடுக்க விடமாட்டா. நான் திட்டுவேன், லேட் ஆகுதுன்னு. 'ஓடி வர்றவங்களை விட்டுட்டுப் போனா அன்னைக்கு முழுக்க எனக்குல்ல மூச்சு வாங்குது'ம்பா. வண்டி கிளம்ப ரெண்டு விசில் குடுத்தாப் போதும். இவ மூணு குடுப்பா. ஏன்னு கேட்டேன். 'மூணாவது உங்களுக்குண்ணே, தூங்கிடாதீங்க'ன்னா."

"அம்மா குரல் எப்படி இருக்கும்?"

"கரகரன்னு. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும். உன்னோடது மாதிரி இல்ல, உன் குரல் மெல்லிசு."

"அப்ப எனக்கு அப்பா குரலா?"

"உங்கப்பாவா? கல்யாணத்துக்கு முன்னாடி தினம் ஆறாவது ஸ்டாப்புல ஏறுவாரு. ஒரு வருஷம் ஏறினாரு. அவர் பேசி நான் கேட்டதே இல்ல. டிக்கெட்டுக்குக்கூடக் கையைத்தான் நீட்டுவாரு."

இது மகளுக்குப் புதுச் செய்தி. அப்பா ஒரு வருஷம், பேசாமல், ஒரே பஸ்ஸில். நாத்தனாரின் குறிப்பேட்டை வாங்கி, அதை அவளே எழுதினாள்.

10

முடிவுகளைப் பற்றி.

(அ) அந்தப் பெண் பெரியவளாகி, அதே துறையில் சேர்ந்து, நாத்தனாருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்கிறாள். இப்படி முடித்தால் கைதட்டு நிச்சயம். நாத்தனாரிடம் சொன்னேன். "அவ கட்டடம் கட்டப் படிக்கப் போறா. பேசாம இரு," என்றார்.

(ஆ) பிரிவு உபசார விழாவுக்கு மோட்டார் கடைக்காரர் மாலையோடு வருகிறார். வரவில்லை. அன்று ஒரு மில்லுக்கு மோட்டார் கொடுக்க வேண்டியிருந்தது. மகளிடம் சொல்லி அனுப்பினார்.

(இ) நடந்தது. ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நாத்தனார் தன் மேல் தானே துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'அந்தக் காயம் கல்லால் ஏற்பட்டது. எறிந்தவர் யார் என்பது எனக்குத் தெரியும்; சொல்ல மறுக்கிறேன். நாட்குறிப்பில் நான் எழுதியது பொய். திருத்த அனுமதி வேண்டும்.'

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு ஏன்க்கா இந்த வேலை? கமுக்கமா ரிட்டயர் ஆகித் தொலைய வேண்டியதுதானே?"

"எழுதி வச்சவ நான்டா. போகும்போது அப்படியே வச்சிட்டுப் போக முடியல."

விருதுக்கான பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. கண்டனம் ஒன்று பதிவாயிற்று. அனுமதியும் வந்தது. அந்தப் பக்கத்தோடு இப்போது ஒரு கூடுதல் தாள் இணைக்கப்பட்டிருக்கிறது. நகல் ஒன்று முறைப்படி முத்திரையோடு அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. கல், தையல், ரத்தம் வரத் தாமதமான ஐம்பது நிமிஷம் எல்லாம் அதில் உண்டு. முதல் வரி: 'இன்று காலை, இருபத்து மூன்றாம் எண் பேருந்தின் நடத்துநர் இறந்தார். அவருக்கு ஒரு மகள் பிறந்தாள்.' திருத்தம் செய்ய நான் பென்சிலோடு போனேன். தொட இடமில்லை.

நாத்தனார் வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்றாம் சாட்சியைப் பார்க்க அந்தப் பெண்ணோடு கிளம்பிவிட்டார். பட்டியலில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதைக்கு என்னால் முடிவு எழுத முடியாது. அதற்குப் பதிலாக, நாத்தனார் சொல்லச் சொல்ல நான் எழுதிய இந்த அறிவிப்பை வைக்கிறேன்.

தகவல் தேவை

பதினேழிலிருந்து இருபத்தொரு வருஷங்களுக்கு முன்பு இருபத்து மூன்றாம் எண் பேருந்தில் பயணம் செய்தவர்கள் கவனத்துக்கு. பெண் நடத்துநர். ஐந்தடி இரண்டு அங்குலம். நீலச் சட்டை. அவரிடம் நீங்கள் பயணச்சீட்டு வாங்கியிருக்கலாம். சில்லறைக்காகச் சண்டை போட்டிருக்கலாம். உங்களுக்காக வண்டி நின்றிருக்கலாம். நினைவிருப்பது எவ்வளவு சின்ன விஷயமானாலும் எழுதுங்கள். அவர் கோபமாக இருந்த நாளானாலும் சரி. பாட்டு எதுவும் முணுமுணுத்தாரா? கையில் கடிகாரம் கட்டியிருந்தாரா? எதைச் சொன்னால் சிரிப்பார்?

அவர் எப்படி இறந்தார் என்பதை மட்டும் எழுத வேண்டாம். அது எங்களுக்குத் தெரியும்.